வீட்டில் இல்லாமைச் சான்று

எங்கள் தெருவில் விதியை மீறாத ஆள் யாரென்று கேட்டால், பல் முளைக்காத குழந்தைகூட லிஃப்ட்காரர் வீட்டைக் கைகாட்டும். ஈ காக்கை இல்லாத சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் பச்சை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் வருகிறவர்கள் யாரோ தலைவருக்கு மௌன அஞ்சலி போலிருக்கிறது என்று தாங்களும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவதுண்டு.

தொழில் அவரை அப்படிப் பழக்கிவிட்டது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வெளிக்கதவும் உள்கதவும் முழுசாகச் சாத்தினால்தான் பெட்டி நகர வேண்டும். அவசரத்துக்கு அந்தக் கதவுகளின் மின் இணைப்பில் ஒரு துண்டு ஒயரைச் செருகி ஏமாற்றி ஓட்டிய கூட்டாளி ஒருவர், இன்று ஒற்றைக் காலோடு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து எந்தத் தடுப்பைக் கண்டாலும், காரணமில்லாமல் வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிற சுபாவம் இவருக்கு ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே லிஃப்ட் நின்றுபோனதென்று கூப்பிட்டாலும், பையைக் கீழே வைப்பதற்கு முன் கதவிடுக்கில் வாயை வைத்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் மறுபடி. அதற்கும் வராவிட்டால் இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை. பக்கத்தில் நிற்கும் காவலாளி அலுத்துப்போய், "அதான் யாரும் பதில் சொல்லலையே சார், ஆள் இல்ல" என்றால் முறைப்பார்.

"பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமாப்பா? பதில் சொல்ல முடியாம இருக்கலாம்ல?"

அவர் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு கணினி இருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் லிஃப்ட்டுகளின் ஒயரிங் படங்கள் அதற்குள் கிடக்கின்றன. அணைப்பதே கிடையாது. எந்த ஊரில் எந்தக் கட்டடத்தின் உச்சியில் குந்தியிருந்தாலும், கைப்பேசியைத் தட்டி இணையம் வழியாக வீட்டுக் கணினிக்குள் நுழைந்து வேண்டிய படத்தைத் திறந்துகொள்வார். இங்கே வீட்டில், திரைமேல் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்ததும், "வந்துட்டார்" என்று தையலை நிறுத்துவார் வீட்டம்மா. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, "சாப்பிட்டாச்சா" என்று அடிப்பார். எங்கிருந்தோ "ஆச்சு" என்று பதில் விழும். முப்பது வருஷத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டம்மாவுக்கு இவர் "ஏங்க." இவருக்கு அவர் "இந்தாம்மா."

இதையெல்லாம் தெருவுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ரேடியோ அக்கா. அவர் வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தேவைப்படவில்லை.

அப்புறம் ஆணையம் வந்தது. யார் யாரோ இணையம் வழியே அடுத்தவர் வீட்டுக் கணினிக்குள் புகுந்து திருடுகிறார்கள் என்று கொஞ்ச காலம் ஒரே கூச்சல். கூச்சல் அடங்கியபோது, தொலைவழி அணுகல் ஆணையம் என்று ஒன்று ஏழு மாடியோடு எழுந்து நின்றது. ஊருக்கு ஊர் கிளை. "உங்கள் வீடு, எங்கள் காவல்" என்று பலகை. அன்றிலிருந்து வெளியூரில் இருந்துகொண்டு தன் கணினியைத் திறக்கப் போனால், கைப்பேசியில் ஒரு பூட்டுப் படமும், "உங்கள் வீடு பத்திரமாக உள்ளது. அனுமதி பெற்று வருக" என்ற வரியும்தான் வரும். திருடர்களுக்கும் அதே வரிதான் வருகிறதா என்று தெரியவில்லை. அவர்கள் யாரும் புகார் கொடுத்ததாகத் தகவல் இல்லை. லிஃப்ட்காரரும் புகார் சொல்லவில்லை. படங்களை அச்செடுத்துப் பையில் சுமக்க ஆரம்பித்தார். "சாப்பிட்டாச்சா" நின்றுபோனது.

இந்த நிலைமையில்தான், ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் உள்ள பெருநகரத்தில் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டும் வேலை வந்தது. "நீங்க அப்படி என்னதான் பண்றீங்கன்னு ஒரு தடவையாவது பாக்கணும்" என்று வீட்டம்மாவும் கிளம்பினார். வீட்டைப் பூட்டிச் சாவியோடு போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் லிஃப்ட் ஓடத் தயாரானது. முதல் பயணியாக வீட்டம்மாவை ஏற்றி எட்டாவது மாடிக்குக் கூட்டிப்போனார். கதவு ஆடாமல் அசையாமல் திறந்தது. "குலுங்கவே இல்லைங்க" என்று சிரித்தபடி வெளியே ஓரடி வைத்தவர், அப்படியே சரிந்தார்.

திங்கட்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை டாக்டர் விளக்கொளியில் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"தலைக்குள்ள கட்டி. பதினேழு மில்லிமீட்டர். இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தோம் டாக்டர். சின்னதுதான், ஒண்ணும் பண்ணாதுன்னாங்க. அந்த சென்டரையே இப்ப மூடிட்டாங்க. படம் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அது எனக்கு வேணும். அன்னைக்கும் இதே அளவுன்னா தொடவே கூடாது, மருந்து போதும். வளந்திருக்குன்னா இந்த வாரமே எடுத்தாகணும். தெரியாம கை வெச்சா பேச்சு போயிடும், ஆளே போனாலும் போகலாம். வெள்ளிக்கிழமை காலையில ஒரு இடம் ஒதுக்கி வெக்கிறேன். வியாழன் சாயங்காலத்துக்குள்ள பழைய படத்தைக் காட்டிடுங்க."

லிஃப்ட்காரர் ரேடியோ அக்காவுக்கு போன் போட்டார். அக்கா ஒரு மூச்சு அழுதுவிட்டுக் காரியத்துக்கு வந்தார்.

"சாவி எதுக்கு தம்பி? எங்க வீட்டுக்காரர் கடப்பாரையத் தூக்கினா அரை நிமிஷம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி. படத்த எடுத்து இப்பவே அனுப்பிடுவார். ஊம்னு ஒரு வார்த்த சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஆணையத்தின் கிளை அலுவலகம் பளபளவென்று நின்றது. வாசலில் பலகை: ஒரு மணி நேரச் சேவை. லிஃப்ட்காரர் அதைப் படித்தார். ஒற்றைக் கால் கூட்டாளியும் ஞாபகத்துக்கு வந்திருப்பார்.

"பூட்ட உடைக்கிறதெல்லாம் வேண்டாங்க்கா. எதிர்லயே ஆபீஸ் இருக்கு. ஒரு மணி நேரம்தானாம்."

ஆணையத்துக் கூடத்தில் எல்லா நாற்காலிகளும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் சட்டைப்பையில் நாலு பேனா குத்திய அதிகாரி ஒருவர். நாலும் மூடி திறக்காதவை. எழுதுவதற்கு மேசையில் ஐந்தாவது ஒன்று நூலில் கட்டிக் கிடந்தது. விண்ணப்பத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, சரியாக ஒரு மணி நேரம் கழித்து முத்திரை குத்தினார்.

"ஏத்துக்கிட்டாச்சு."

"இப்ப திறந்துக்கலாமா சார்?"

"விண்ணப்பத்த ஏத்துக்கிட்டாச்சு. ஒரு மணி நேரச் சேவை அதுதான்." அதிகாரி அன்பாகவே சொன்னார். "இப்ப நீங்க வீட்டுல இருந்தா, நேராவே போய்த் திறந்துக்கலாம். தொலைவழி அணுகல் எதுக்கு? அதனால மொதல்ல நீங்க வீட்டுல இல்லைன்னு நிரூபணம் ஆகணும்."

"நான் இங்கதான நிக்கிறேன், உங்க முன்னாடி?"

"நீங்க இங்க இருக்கறது வேற, அங்க இல்லாதது வேற. ரெண்டுக்கும் தனித்தனிப் பிரிவு. உங்க ஊர்க் கிளையிலேருந்து கதவு தட்டும் அலுவலர் போவார். மூணு தட்டு, மூணு கூப்பாடு. பதில் வரலைன்னா ஆள் இல்ல. வீட்டில் இல்லாமைச் சான்று கொடுத்துடுவோம். நாளைக்கே முடிஞ்சிடும்."

"பதில் வரலைன்னா ஆள் இல்ல" என்பது லிஃப்ட்காரருக்கு எங்கோ இடித்தது. ஆனாலும் இதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவுக்கு ஜீப் வந்தது. முதலில் இறங்கியவர்கள் சீல் பிரிவு. பரிசீலனை முடியும்வரை விண்ணப்பப் பொருள் மாறாதிருக்க வேண்டும் என்று சொல்லி, லிஃப்ட்காரர் வீட்டுக் கதவுக்குக் குறுக்கே துணிப்பட்டை இழுத்து, ஆறு இடத்தில் அரக்கு உருக்கி ஊற்றினார்கள். வாசலில் நாற்காலி போட்டு இரண்டு காவலரை உட்கார வைத்தார்கள். அக்கா வீட்டுக்காரர் கடப்பாரையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அரக்கு காய்ந்ததும் கதவு தட்டும் அலுவலர் இறங்கினார். ஒல்லியான, கடமையுணர்ச்சியே உருவான மனிதர். தட்டித் தட்டி வலக்கை விரல் முட்டிகள் காய்ப்பேறியிருந்தன. சீல் வைத்த கதவை மூன்று முறை தட்டினார். காகிதத்தைப் பார்த்து லிஃப்ட்காரர் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூவினார். ஒரு முறை. காதில் கைவைத்துக் கேட்டார். இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்கு ரேடியோ அக்காவால் பொறுக்க முடியவில்லை. வேலிக்கு மேல் எட்டி, உதவுகிற நல்லெண்ணத்தோடு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"அவர் வீட்டுல இல்லீங்க! ஆஸ்பத்திரியில இருக்கார்!"

அலுவலர் பேனாவைத் திறந்து எழுதினார்: 'அழைப்புக்குப் பதில் கிடைத்தது. ஆகவே ஆள் உள்ளார்.'

"ஐயோ, அது நாங்க! நான்தான் கத்தினேன்!"

"பதில் வந்துச்சா இல்லையா, அதுதாம்மா எனக்கு. என்ன பதில்னு பாக்கறது வேற பிரிவு."

"உள்ள ஆள் இருக்கார்னா, அவர வெச்சா சீல் போட்டு அடைச்சீங்க?"

"சீல் எங்க பிரிவு இல்லம்மா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து லிஃப்ட்காரர் சட்டப்படி தன் வீட்டில் இருந்தார்.

புதன்கிழமை மேல்முறையீடு. மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை. நடுவில் நாலு பேனா அதிகாரி. இப்போது மேல்முறையீட்டு அதிகாரியும் அவரேதான். ஓரமாக ஒரு நாற்காலியில், "கணினித் தரப்பு" என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, சளி பிடித்த வக்கீல் ஒருவர். கணினியின் சம்மதமில்லாமல் யாரும் அதற்குள் நுழையக் கூடாது என்பதால் ஆணையமே அதற்கு ஆள் அமர்த்திக் கொடுத்திருந்தது.

"உங்க கட்சிக்காரருக்கு சம்மதமா?" என்று அதிகாரி கேட்டார்.

"கேட்டுத்தான் சொல்ல முடியும் ஐயா. அவர் ரொம்பத் தொலைவுல இருக்கார். அவரை அணுக அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கேன்" என்று வக்கீல் மூக்கைச் சிந்தினார்.

லிஃப்ட்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சார், என் வீடு, என் கம்ப்யூட்டர், என் சம்சாரத்தோட ஸ்கேன். நடுவுல நீங்கள்லாம் யாரு சார்?"

அதிகாரி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெகிழ்ந்துபோனவர் போலத்தான் பேசினார்.

"நல்ல கேள்வி கேட்டீங்க. ஒரு காலத்துல யார் வேணா, எங்கிருந்து வேணா, அவங்கவங்க வீட்டுக்குள்ள அவங்க இஷ்டத்துக்குப் போய் வந்துட்டிருந்தாங்க. கேக்க நாதியில்ல. நெனச்சுப் பாருங்க, எவ்வளவு பயங்கரம்! இன்னைக்கு ஒருத்தரும் போக முடியல. போன வருஷம் மட்டும் பத்து லட்சம் வீட்டக் காப்பாத்தியிருக்கோம்."

"யார்கிட்டேருந்து சார்?"

"கேட்டு வந்தவங்ககிட்டேருந்து" என்றார் அதிகாரி பெருமையாக. "திருடன் விண்ணப்பம் போட மாட்டான். அதனால அவனத் தடுக்க எங்களுக்கு வழியே இல்ல. போடறவங்களத்தான தடுக்க முடியும்? அதுல நாங்க ஒரு குறையும் வெக்கல."

பிறகு அவர் தன் மேசைத் திரையைப் பார்த்துக் கேட்ட கேள்வியில்தான் லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதிருக்கட்டும். உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்துல 'சாப்பிட்டாச்சா', 'ஆச்சு', 'சாப்பிட்டாச்சா', 'ஆச்சு'ன்னு ஆயிரக்கணக்கா இருக்கே. எங்க ஆய்வுப் பிரிவு ஒரு மாசமா மண்டைய ஒடச்சுக்குது. இது என்ன ரகசியக் குறியீடு?"

"உங்களுக்கு... நீங்க உள்ள போயிருக்கீங்களா சார்?"

"பாக்காம எப்படிக் காவல் காக்கறது? எல்லா வீட்டுக்குள்ளயும் நாங்க தினம் ஒரு சுத்து வருவோம். உங்க வீட்டுக்குள்ள நானே போயிருக்கேன். கம்ப்யூட்டர் மேல தலையணை உறையப் போட்டு மூடி வெச்சிருக்கீங்க, கேமரால ஒரே இருட்டு. பூப்போட்ட துணின்னு மட்டும் தெரியுது."

"அப்ப ஸ்கேன்?"

"அதையும் பாத்தேன். ரொம்பத் தெளிவான படம். இதோ இருக்கு." திரையைத் தன் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அந்தத் திரைக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

"சார், படம் வேண்டாம். திரையத் திருப்ப வேண்டாம். ஓரத்துல அளவு போட்டிருக்கும். அந்த நம்பர் மட்டும் சொல்லுங்க. எத்தன மில்லிமீட்டர்?"

அதிகாரி குனிந்து படித்தார். உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. முதல் எழுத்து 'ப'. அதற்குள் அவருக்குத் தன் பதவி ஞாபகம் வந்துவிட்டது, வாயை இறுக்கிக்கொண்டார்.

"உள்ளடக்கத்த மூணாவது மனுஷங்களுக்குச் சொல்றது குற்றம் சார். உங்க சம்சாரத்தோட அந்தரங்கம் இல்லையா அது? நீங்களே ஒத்துக்கமாட்டீங்க."

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. ஒரு வீட்டை வாரத்துக்கு ஒரு முறைதான் தட்டலாம் என்பதால், மறு தட்டல் அடுத்த செவ்வாய்க்கிழமை என்று தீர்ப்பாயிற்று. வக்கீல் எழுந்து கைகுலுக்கினார்.

லிஃப்ட்காரர் சாலையைத் தாண்டி ஓடினார். அன்றைக்கு சிக்னல் பார்த்தாரா என்று கேட்காதீர்கள்.

"'ப'வுல ஆரம்பிக்குது டாக்டர்! நான் பாத்தேன், உதடு ஒட்டிச்சு!"

டாக்டர் பொறுமையாகத்தான் விரல் விட்டார். "பத்து. பதினொண்ணு. பன்னெண்டு. பத்தொம்பது வரைக்கும் எல்லாமே 'ப'தாங்க. பதினொண்ணுன்னா வெட்டணும். பதினேழுன்னா தொடக் கூடாது. எத வெச்சு நான் கத்தி எடுக்கறது?"

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தடுத்தான். நோயாளியோடு தங்குகிறவருக்கான அட்டையைக் கருவியில் தேய்த்தால் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆணையத்துப் பதிவுதான் எங்க சிஸ்டத்துக்கும் வருது சார். அதுல நீங்க உங்க ஊர்ல வீட்டுல இருக்கீங்க. வீட்டுல இருக்கறவர எப்படி உள்ள விடறது? வேற யாரோ உங்க அட்டைய எடுத்துட்டு வந்த மாதிரி காட்டுது."

"என்னப் பாருப்பா. நாலு நாளா உனக்கு டீ வாங்கித் தரேன்."

"எனக்குத் தெரியுது சார். மெஷினுக்குத் தெரியலையே" என்றவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அன்று பகல் லிஃப்ட்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவிடம் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அக்கா, அந்தக் கடப்பாரை..."

"வாசல்ல ரெண்டு பேர் குந்தியிருக்கான் தம்பி. நாங்க எட்டிப் பாத்தாலே எழுந்து நிக்கறான்." மறுமுனையில் அக்கா மூக்கை உறிஞ்சினார். "எல்லாம் இந்த வாயாலதான். எனக்கு இந்த வாயே இல்லாம இருந்திருக்கலாம்."

"நீங்க உண்மையத்தானக்கா சொன்னீங்க" என்றார் லிஃப்ட்காரர்.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஐந்து. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொதுவரிசையில் நின்று உள்ளே போனார். வீட்டம்மாவுக்கு வலது பக்கம் கனத்துப்போயிருந்தது. இடது கையால் இவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "அந்த லிஃப்ட் ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றார். "குலுங்கவே இல்ல" என்றார் மறுபடியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒதுக்கியிருந்த இடத்தில் வேறொருவருக்கு அறுவை நடந்தது. டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு மணி நேரம் காத்திருந்தார். அந்த ஒரு மணி நேரமும் லிஃப்ட்காரர் எதிர்ச்சாரியில், தரையோடு இறுக்கிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேனா அதிகாரி அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அன்றைய சுற்று வரும் வேளை. திரையில் ஒவ்வொரு வீடாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை பத்து மணி சுமாருக்கு வீட்டம்மா கண் விழித்து, "அவர் எங்க?" என்று கேட்டிருக்கிறார். நர்ஸ் பாவம், புதுசு. திரையைப் பார்த்து, "வீட்டுல இருக்கறதா போட்டிருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

"வீட்டுக்குப் போயிட்டாரா? நல்லது. அப்ப சாப்பிட்டிருப்பார்."

பார்வையாளர் நேரத்துக்கு லிஃப்ட்காரர் வரிசையில் நின்றபோது காவலாளி வரிசையை விலக்கி அவரை முதல் ஆளாக உள்ளே விட்டான். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, தெரு முழுக்க வாசலில் நின்றது. அதற்கு முன்னாலேயே ஜீப் வந்து நின்றிருந்தது. கதவு தட்டும் அலுவலர் லிஃப்ட்காரரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"கேள்விப்பட்டேன் சார். ரொம்ப வருத்தம்."

"கதவத் திறந்து விடுங்க. உள்ள கொண்டுபோய்க் கிடத்தணும்."

"அதுதான் சார் சிக்கல். பதிவுப்படி நீங்க உள்ள இருக்கீங்க. ஆள் இருக்கற வீட்டு சீல வெளியிலேருந்து பிரிக்கறது அத்துமீறல். மறு தட்டல் இன்னைக்குத்தான். நீங்க இல்லைன்னு ஆயிட்டா எல்லாம் நேராயிடும். ஒண்ணே ஒண்ணு..." அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "நான் உங்க பேரக் கூப்பிடுவேன். பழக்க தோஷத்துல 'ம்'னுடாதீங்க. சொல்லிட்டா அடுத்த செவ்வாய்தான்."

தெருவில் மூச்சுவிடுகிற சத்தம் இல்லை. ரேடியோ அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் தன் கையையும் எடுத்து அவர் வாய்மேல் வைத்தார். அழுகிற குழந்தைகளைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

அலுவலர் தட்டினார். லிஃப்ட்காரர் பெயரை, தகப்பன் பெயரோடு, மூன்று முறை கூவினார். லிஃப்ட்காரர் அவருக்கு நாலடி பின்னால் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

"பதில் இல்லை" என்று அலுவலர் நிம்மதியாக எழுதினார். பிறகு காகிதத்தைப் புரட்டினார். "மறு தட்டல்ல வீட்டுல பதிவான எல்லாரையும் கூப்பிடணும். இன்னொரு பேர் இருக்கு சார்."

அக்காவின் கண்கள் மட்டும் பிதுங்கின.

"எனக்குத் தெரியாம இல்ல சார்" என்றார் அலுவலர். "ஆனா பேர் நீக்கறது வேற பிரிவு."

வீட்டம்மாவின் பெயரைக் கூவினார். பள்ளிச் சான்றிதழில் இருந்த முழுப் பெயர். தெருவில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. காதில் கைவைத்துக் கேட்டார். இரண்டாவது முறை. நல்ல மனிதர்தான், நேரம் கொடுத்துத்தான் கேட்டார். மூன்றாவது முறை. பிறகு எழுதினார்: 'பதில் இல்லை. ஆகவே ஆள் இல்லை.'

அரை நிமிடத்தில் லிஃப்ட்காரர் கைப்பேசி மணியடித்தது. அனுமதி வழங்கப்பட்டது, பதினைந்து நிமிடங்கள்.

"பாத்தீங்களா?" அலுவலருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "சான்று ஆனதும் அனுமதி. எங்க பக்கம் ஒரு நிமிஷம் தாமதம் இல்ல. பதினஞ்சு நிமிஷம் ஓடட்டும். நீங்க பயன்படுத்தி முடிச்சதும் சீல் பிரிவுக்குச் சொல்லி அனுப்பறேன், பிரிச்சுக் கொடுத்துடுவாங்க."

லிஃப்ட்காரர் கைப்பேசியைப் பார்க்கவில்லை. அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸ் பக்கம் போனார். பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கில் வாயை வைத்து, எப்போதும் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்:

"இந்தாம்மா."

காத்திருந்தார்.

"சார், நான் மூணு முறை கூப்பிட்டாச்சு, அதுக்கு மேல கூப்பிடக் கூடாது" என்று அலுவலர் மெல்ல வந்து சொன்னார். "அதுவும் அது பதிவுல இருக்கற பேர் இல்ல."

லிஃப்ட்காரர் திரும்பி அவரை முறைத்தார். "பதில் வரலைன்னா..." என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. மறுபடி இடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்தாம்மா."

அக்கா வாயிலிருந்து தலைப்பை எடுத்தார். ஆனாலும் பேசவில்லை. தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கூப்பிட்டார், நின்று கேட்டார், மறுபடி கூப்பிட்டார். எத்தனை முறை என்று அலுவலர் கொஞ்ச நேரம் எண்ணிக் குறித்துவிட்டு, கட்டம் போதாமல் நிறுத்திக்கொண்டார்.

பதினைந்து நிமிடம் கழித்துப் படிக்கட்டில் கைப்பேசி மறுபடி ஒலித்தது. பூட்டுப் படம். உங்கள் வீடு பத்திரமாக உள்ளது.